ஆற்றுவாய் இல்லாத ஏரி

சுவிஸுக்குப் போய் வந்த ஆள் என்று தெரிந்தால் மட்டக்களப்பில் முதலில் வருகிற கேள்வி, "எத்தனை கிலோ கொண்டு வந்தீங்க?" இரண்டாவது கேள்வி, "பனி பாத்தீங்களா?" போன வருஷம் ஜூலையில் போய் வந்த நாள் தொடக்கம் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். பனி பார்த்தேன், தூரத்தில், மலை உச்சியில். நான் சொல்ல வந்தது கண்டர்ஷ்டெக் என்ற ஊருக்கு மேலே இருக்கிற ஓஷினென் ஏரியைப் பற்றி. எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், பெற்றோரைக் கூப்பிடுகிறார்கள். போகிறவர்கள் மூன்று மாதமும் வீட்டுக்குள்ளே இருந்து சமைத்து, பேரப்பிள்ளையைத் தூக்கி, ஒரு கோயில் திருவிழாவுக்கும் ஒரு பிறந்தநாளுக்கும் போய்விட்டு, யன்னலால் பார்த்த மலையோடு திரும்பி வருகிறார்கள். ஒரு நாளாவது மலைக்குப் போங்கள். ஆனால் நாங்கள் போன மாதிரிப் போகாதீர்கள்.

விசாக் கதையை நீட்டவில்லை. 90 நாள் ஷெங்கன் விசா, அதற்குக் குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவு தாங்கும் பயணக் காப்புறுதி வேண்டும், இதெல்லாம் முகவர்மார் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லாத ஒன்று, அந்தக் காப்புறுதியில் மலையிலிருந்து ஹெலிகொப்டரில் தூக்குகிற செலவும் அடங்குமா என்பது. வாங்க முதல் கேளுங்கள். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில், முழங்கால் நோவோடு மனைவியும் பிரஷர் குளிசையோடு நானும் போனபடியால்தான் எனக்கே அது யோசனைக்கு வந்தது.

தம்பி தூண் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறான். எண்பதுகளின் கடைசியில் போய், ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, இன்று வீடு, வாகனம் என்று நல்லாக இருக்கிறான், ஆனால் லீவுதான் இல்லை. நாங்கள் ஏரிக்குப் போவதென்று எடுத்த அன்றும் அவனுக்கு வேலை. அவனுடைய மகள், எனக்குப் பெறாமகள், தொலைபேசியில் இருவருக்கும் ஒரு நாள் டிக்கெட் எடுத்துத் தந்தாள். காலையிலிருந்து இரவு வரை நாட்டில் எந்தக் கோச்சியிலும் ஏறலாம், எத்தனை தரமும் ஏறலாம், பல நாளுக்கு முன்னமே எடுத்தால் மலிவு. "பெரியப்பா, பிரிக் எண்டு போட்டிருக்கிற கோச்சியில ஏறுங்க, கண்டர்ஷ்டெக்கில இறங்குங்க, ஒரு கஷ்டமும் இல்ல" என்றாள்.

பிரிக் என்று போட்டிருந்த கோச்சியில் ஏறினோம். இடது பக்கம் தூண் ஏரி கூடவே வந்தது, மனைவி அதைப் பார்த்து "இதானா?" என்று கேட்க, "இல்ல, இது கீழ் ஏரி, நம்மட ஏரி மேல" என்று எல்லாம் தெரிந்தவன் போலச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கோச்சி ஒரு சுரங்கத்துக்குள் போனது. போனது போனதுதான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், வெளிச்சமே இல்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன், மனைவி என்னைப் பார்க்கிறா. வெளியே வந்தபோது வேறு நாடு மாதிரி இருந்தது, வெயில் எரிக்கிறது, சரிவில் திராட்சைத் தோட்டம், பெயர்ப்பலகையில் விஸ்ப்.

பிறகுதான் விளங்கியது. அந்த மலைக்கு இரண்டு சுரங்கம். மேலே 1913இல் திறந்த பழைய லோச்பெர்க் சுரங்கம், 14.6 கிலோமீட்டர், அந்தப் பாதையில் போகிற கோச்சிதான் கண்டர்ஷ்டெக்கில் நிற்கும். கீழே 2007இல் திறந்த புதியது, 34.6 கிலோமீட்டர், விரைவுக் கோச்சிகள் அதற்குள்ளால் போய் மறுபக்கம் வந்துவிடும். இரண்டுமே பிரிக் போகிறவை, இரண்டிலும் பிரிக் என்றுதான் எழுதியிருக்கும். நாங்கள் போக வேண்டிய ஊரை மேலே விட்டுவிட்டு அதன் அடியால் ஓடியிருக்கிறோம். ஆகவே அங்கே கோச்சியில் ஏறும்போது கடைசி ஊரின் பெயரைப் பார்த்து ஏறாதீர்கள், இடையில் நிற்கிற ஊர்களின் பெயரும் பலகையில் சின்ன எழுத்தில் ஓடும், உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மட்டக்களப்பு ஸ்டேஷனில் கொழும்புக் கோச்சி எது என்று தேடத் தேவையில்லாத பழக்கம் எங்களுக்கு.

நாள் டிக்கெட் இருந்தபடியால் தண்டம் கட்டவில்லை. விஸ்பிலிருந்து பிரிக் போய், பழைய பாதைக் கோச்சியில் திரும்பினோம். ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பிழை விடாமல் இருந்திருந்தால் அந்தக் காட்சி கிடைத்திருக்காது. கோச்சி மலைச்சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறுகிறது, கீழே ரோன் ஆறு நூல் மாதிரிக் கிடக்கிறது. அப்புறம் பழைய சுரங்கம். அதை வெட்டும்போது 1908இல் மேலே இருந்த பள்ளத்தாக்கின் சரளையும் தண்ணீரும் உடைத்துக்கொண்டு உள்ளே வந்து 25 தொழிலாளர் செத்துப்போனார்களாம், அதற்குப் பிறகு அந்த இடத்தை விட்டு விலத்தி, வளைத்து வெட்டினார்களாம். பின்னேரம் தம்பி சொல்லித்தான் தெரியும். செத்தவர்களில் கூடப் பேர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்றபோது அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஒன்பது மணிக்கு நிற்க வேண்டிய இடத்தில் பதினொன்றரைக்கு நின்றோம். கண்டர்ஷ்டெக் ஏறக்குறைய 1,170 மீட்டர் உயரத்தில் இருக்கிற சின்ன ஊர், மரவீடுகள், யன்னலுக்கு யன்னல் பூச்சட்டி. கேபிள் கார் வரிசையில் கழுத்துத் துண்டு கட்டின சாரணப் பிள்ளைகள் ஒரு கூட்டம். உலகச் சாரணர் நிலையம் ஒன்று 1923 முதல் அந்த ஊரில் இருக்கிறது, பள்ளிக்கூடக் காலத்தில் நானும் சாரணன், அந்தப் பிள்ளைகளிடம் இடது கையை நீட்டி நின்றேன், குலுக்கினார்கள். மனைவிக்கு வெட்கம்.

கேபிள் கார் டிக்கெட் வேறு. அதில் ஏறுவது ஒன்றும் பயமில்லை, பயந்தவர்கள் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கலாம். மேலே ஏறி இருந்து, ஊரிலிருந்து கொண்டுபோன மிக்சர் பக்கெட்டை எடுத்தால் அது பந்து மாதிரி ஊதியிருக்கிறது! கடல்மட்டத்தில் ஒட்டின பக்கெட், உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கிற காற்று விரிகிறது. எங்கள் நெஞ்சும் அப்படித்தான் போல. அந்த உயரத்தில் ஆளை விழுத்துகிற மலைவருத்தம் வராது, ஆனால் கல்லடிக் கடற்கரையில் நடக்கிற வேகத்தில் நடந்தால் மூச்சு வாங்கும். குளிசையைப் பையில் கீழே புதைத்து வைக்காமல் மேலே வையுங்கள்.

கேபிள் கார் விடுகிற இடத்திலிருந்து ஏரிக்கு இருபது, முப்பது நிமிஷ நடை. போகும்போது இறக்கம். இதைக் கவனியுங்கள், போகும்போது இறக்கம் என்றால் வரும்போது ஏற்றம், களைத்துப்போயிருக்கிற நேரத்தில் ஏற்றம். முழங்கால் நோகிறவர்களுக்கு மின்சார வண்டி ஒன்று ஓடுகிறது, அதற்கும் காசு. மனைவி "இறக்கம்தானே, நடப்பம்" என்றா. வழியில் மாடுகள், கழுத்தில் கோயில் மணி அளவு மணி, நாலு மாடு அசைந்தால் ஒரு பூசை நடக்கிற சத்தம்.

வளைவு ஒன்று திரும்பினதும் ஏரி தெரிந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. மனைவிதான், "சட்டிக்குள்ள உடுப்புக்குப் போடுற நீலத்தைக் கரைச்ச மாதிரிக் கிடக்கு" என்றா. அதைவிடச் சரியாக என்னால் சொல்ல ஏலாது. பனிக்கட்டி ஆறுகள் மலையை உரசி உரசிப் பாறையை மாவாக்கி அனுப்புகின்றன, அந்த மாவு தண்ணீரில் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அந்த நிறம். ஏரி இருக்கிற உயரம் 1,578 மீட்டர், பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர், சுற்றிவர 3,600 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிற புளூம்லிசால்ப், டோல்டன்ஹோர்ன் மலைகள், அவற்றின் தலையில் பனி, இடுப்பிலிருந்து வெள்ளைக் கோடாக விழுகிற அருவிகள். யுங்ஃப்ராவ் உலக மரபுரிமைப் பகுதியை 2007இல் விரிவாக்கியபோது இதையும் சேர்த்தார்கள். ஆழம் 56 மீட்டர். எங்கள் வாவியின் நீளம் 56 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அந்த எண் மறக்காது. எங்கள் வாவி நீளமாகப் படுத்துக் கிடக்கிறது, ஆழம் அனேக இடத்தில் இரண்டு ஆள் மட்டம்கூட இல்லை. இது எழும்பி நிற்கிற தண்ணீர்.

வாவிக்கரையில் வளர்ந்தவனுக்கு எந்தத் தண்ணீரைக் கண்டாலும் ஒரு பழக்கம் இருக்கிறது, ஆற்றுவாய் எங்கே என்று கண் தேடும். மாரியில் வெள்ளம் ஏறினால் வாவி கடலில் சேருகிற, மண் மூடின முகத்துவாரத்தை வெட்டினார்களா இல்லையா என்பதுதானே எங்கள் ஊரின் பேச்சு, வெட்டினால் வயல் தப்பும், இறால் கடலுக்குப் போகும், வெட்டாவிட்டால் வீட்டுக்குள் தண்ணீர். இந்த ஏரிக்குள் எத்தனையோ அருவி விழுகிறது, வெளியே போகிற வாயைக் காணவில்லை. கரை ஓரமாக நடந்து நடந்து பார்த்தேன், இல்லை. பெறாமகளுக்குப் படம் அனுப்பிக் கேட்டேன், அவள் தேடிப் பார்த்துச் சொன்னாள். ஒரு காலத்தில் மலை சரிந்து விழுந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரியாம் அது, தண்ணீர் அந்தக் கல்லுக்கும் மண்ணுக்கும் இடையால் நிலத்துக்கு அடியில் ஊறிப் போய்க் கீழே வெளிவருகிறதாம். பனி உருகுகிற கோடையில் மட்டம் ஏறும், குளிரில் இறங்கும், உறைந்தும் போகும். யாரும் வெட்டத் தேவையில்லை.

மலை இன்னும் சரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஏரிக்கு மேலே ஷ்பிட்சர் ஷ்டைன் என்ற பாறைப் பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அசைகிறது, அதனால் சில நடைபாதைகளை மூடி வைத்திருக்கிறார்கள். மூடியிருக்கிறது என்று பலகை போட்டிருந்தால் அதற்கு அர்த்தம் மூடியிருக்கிறது என்பதுதான். எங்களுக்கு முன்னால் இரண்டு பொடியன்கள் கயிற்றைத் தாண்டிப் படம் எடுக்கப் போனார்கள், முகத்தைப் பார்த்தால் நம்மாக்கள் மாதிரி இருந்தது, தமிழில் கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்தார்கள்! "தம்பி, இஞ்சால வாங்க" என்றதும் வந்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்.

புல்லில் இருந்து சாப்பிட்டோம். தம்பி மனைவி ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டித் தந்திருந்தா. புட்டும் மீன்குழம்பும் கட்டுகிறேன் என்றதை நாங்கள்தான் வேண்டாம் என்றோம், கோச்சிக்குள் திறந்தால் மணம் எழும்பும், குழம்பு ஊற்றும். ரொட்டி நல்ல யோசனை. மேலே சாப்பாட்டுக் கடை இருக்கிறது, விலையைப் பார்த்து மனதுக்குள் ரூபாயில் பெருக்கத் தொடங்கினால் கோப்பிகூட இறங்காது, ஆகவே பெருக்காதீர்கள், அல்லது கட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் வாங்கத் தேவையில்லை, ஊருக்குள் குழாயில் விழுகிற தண்ணீரே குடிக்கலாம். 'கைன் டிரிங்க்வாசர்' என்று எழுதியிருந்தால் மட்டும் அது குடிக்கிற தண்ணீர் இல்லை, அந்த இரண்டு சொல்லையும் பாடமாக்கிக்கொண்டு போங்கள்.

இனி என்னுடைய மடைவேலை.

வெயில் நல்ல சூடாக எரித்தது. ஊரில் கச்சான் காற்று அடிக்கிற ஜூலை, இங்கும் அதே ஜூலை என்று நினைத்தேனோ என்னவோ, கரையில் ஒரு சில வெள்ளைக்காரர் குளிப்பதைக் கண்டதும் எனக்கும் ஆசை வந்தது. "நான் வாவியில நீந்திப் படிச்சவன், முகத்துவாரத்தில நீரோட்டத்துக்கு எதிரா நீந்தினவன்" என்று மனைவிக்குச் சொல்லி, சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வரை கடித்தது. இடுப்பு வரை போனேன். அங்கிருந்து அப்படியே மெல்ல மெல்ல முகம் கழுவி, தோளை நனைத்து இறங்கியிருக்கலாம். நான் ஊர்ப் பழக்கத்தில் ஒரே முழுக்காக முழுகினேன்.

மூச்சு என் கையில் இல்லை. தண்ணீருக்குள் தலை இருக்கும்போதே வாய் தானாகத் திறந்து இழுத்தது, நான் இழுக்கவில்லை, அது இழுத்தது. தண்ணீர் உள்ளே போனது. எழும்பி நின்ற பிறகும் நாய் இளைக்கிற மாதிரி இளைப்பு, நெஞ்சு அடிக்கிறது, கத்த நினைத்தால் சத்தம் வரவில்லை. இடுப்பளவு தண்ணீர் என்பதால்தான் நின்று தப்பினேன், நீந்தத் தெரிந்ததால் இல்லை. திடீரென்று குளிர் தண்ணீருக்குள் போனால் எவருக்கும் உடம்பு அப்படித்தான் செய்யுமாம், அந்த முதல் ஒரு நிமிஷத்தில்தான் நல்ல நீச்சல்காரரும் தாழ்ந்துபோகிறார்களாம். தவறி விழுந்தால் நீந்தப் பார்க்காமல், மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கும் வரை பொறுத்து, அப்புறம்தான் கையைக் காலை அடிக்க வேண்டும். அதிக நேரம் கிடந்தால் கையும் காலும் விறைத்துச் சொன்னபடி கேளாது. பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்கள் காலை மட்டும் நனைத்துவிட்டு வாருங்கள், போதும். மனைவி துவாயால் என் தலையைத் துடைத்துக்கொண்டே, "வாவியில நீந்தின எடுப்பை இஞ்ச காட்டாதீங்க" என்றா. அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் என்னோடு பேசவில்லை.

சமாதானம் செய்யத்தான் தோணி எடுத்தேன். மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குத் துடுப்புத் தோணி தருகிறார்கள். இதிலும் ஒரு பாடம். ஊரில் நாங்கள் போகிற பக்கம் பார்த்துச் சவள் வலிப்போம், ஆழமில்லாத இடத்தில் கம்பு ஊன்றுவோம். அந்தத் தோணியில் போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, இரண்டு துடுப்பையும் ஒன்றாக இழுக்க வேண்டும். வாழ்க்கையில் பாதி நாள் தோணியில் இருந்த நான் கரையை விட்டு விலக முடியாமல் இரண்டு வட்டம் சுற்றினேன். மனைவி சிரித்தா, அதோடு கோபம் போனது. முன்னால் இருப்பவர் "இடது, வலது" என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தோணியில்தான் போய் முட்டுவீர்கள். லைஃப் ஜாக்கெட்டை, கேட்டாவது போட்டுக்கொள்ளுங்கள், நான் குளிர் தண்ணீரின் கதையைக் கண்ட பிறகு கழற்றவே இல்லை.

நடு ஏரியில் சத்தம் இல்லை. அருவி விழுகிற இரைச்சல் ஒன்று, மாட்டு மணி ஒன்று, அவ்வளவுதான். நான் என்னையறியாமல் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் பிடியில் காதை வைத்தேன். வெளியூரார் வந்தால் கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவில் நாங்கள் செய்து காட்டுகிற வேலை அது, பாடும் மீன் கேட்க. மனைவி "என்ன, பாடுதா?" என்றா. ஒன்றும் பாடவில்லை. அந்த ஏரியில் மீன் இருக்கிறது, பிடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும்.

இரண்டு மணி கழிய, புளூம்லிசால்ப் பக்கமிருந்து முகில் இறங்கியது. பத்து நிமிஷம் இருக்காது, நீலம் போய்ச் சாம்பல் ஆகிவிட்டது, காற்றுக்குத் தோணி பக்கவாட்டில் இழுபட்டது, எங்கேயோ இடி. கோடையில் அந்த மலைகளில் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை அடிக்கடி வருமாம், அதனால்தான் தெரிந்தவர்கள் காலையிலேயே வந்து மத்தியானத்தோடு இறங்குகிறார்கள். விஸ்பில் விட்ட இரண்டரை மணித்தியாலம் இங்கேதான் கணக்குக்கு வந்தது. தோணியைக் கொண்டுவந்து கட்டும்போது மழை. நாங்கள் கொண்டுபோனது குடை, மலைக்காற்றில் குடை ஒரு நிமிஷத்தில் மறுபக்கம் பிரண்டுவிட்டது. மழைச் சட்டைதான் வேண்டும், கூடவே மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று, எவ்வளவு வெயில் என்றாலும். மனைவி ரப்பர் அடி பிடிக்கிற சப்பாத்துப் போட்டிருந்தா, அது தம்பி மனைவியின் பிடிவாதம், அவவுக்குக் கோயில் கட்டலாம். என்னுடையது ஊரில் கல்யாண வீட்டுக்குப் போடுகிற சப்பாத்து, ஈரக் கல்லில் இரண்டு தரம் சறுக்கியது.

ஏற்றத்தில் நடக்க முடியவில்லை, மின்சார வண்டிக்கு வரிசை நீண்டிருந்தது, ஆளுக்கு ஆள் கேபிள் காரின் கடைசி நேரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். எங்களுக்கு அந்த நேரம் தெரியாது. கீழே பலகையில் இருந்ததைப் படம் எடுத்து வைத்திருக்கலாம், எடுக்கவில்லை. எப்படியோ வண்டி கிடைத்தது, நேரமும் இருந்தது. கேபிள் காரே வருஷத்தில் சில கிழமை பராமரிப்புக்கு நிற்கும், போகிற கிழமை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஏரியை நேரடியாகக் காட்டுகிற கமராவும் உண்டு, காலையில் அதைப் பார்த்து முகில் மூடியிருந்தால் அன்றைக்கு வீட்டில் இருந்து புட்டு அவியுங்கள்.

இரவு கண்ணாடியைப் பார்த்தால் மூக்கும் நெற்றியும் கன்றிப்போயிருந்தன. கறுத்த தோலுக்கு வெள்ளைக்காரன் ஊர் வெயில் என்ன செய்யும் என்று பெறாமகள் தந்த கிறீமைப் பூசாமல் விட்டது. உயரத்தில் வெயில் கூடச் சுடும், தோலின் நிறத்தைப் பார்க்காது. மூன்றாம் நாள் தோல் உரிந்தது, தம்பி தொலைபேசியில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்தான்.

ஊருக்கு வந்து ஒரு கிழமை இருக்கும், வாவிக்கரையில் எங்கள் பக்கத்து மீன்காரர், என் தகப்பனோடு வலை இழுத்தவர், தோணியில் வலை திருத்திக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுத் தொலைபேசியை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தூரப் பிடித்து, நேரம் எடுத்துப் பார்த்தார். மலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, பனியைப் பற்றியும் கேட்கவில்லை.

"இதுக்கு ஆத்துவாய் எங்க, மனே?"

இல்லை என்றேன். தண்ணீர் அடியால் ஊறிப் போகிறது என்றேன். அவர் நம்பினாரா தெரியாது.

"ஆழம்?"

"56 மீட்டர்."

"வலை போட ஏலாது" என்று தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு, விட்ட முடிச்சைத் தேடத் தொடங்கினார்.